பட்டறைப் பதில்கள்: கழுத்து பிடிக்கிற பிடி

இரண்டு மாதம் முன்னால், போர்வெல் பம்பில் ஷாஃப்டைத் தாங்குகிற வளையமான புது புஷ் பத்தே நாளில் ஏன் லூசாகிப்போனது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு எழுதிய பதிலில், "எவ்வளவு இறுக்கம் என்பதைவிட, சுற்றிலும் ஒரே இறுக்கமா என்பதுதான் கேள்வி; ரைஃபிள் தோட்டாவின் கழுத்து குண்டைப் பிடித்திருப்பதும் இதே கணக்குதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, வேலை பார்த்தவன். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதத்துக்குப் போதும். கொழிஞ்சாம்பாறையில் என் லேத் பட்டறைக்கு நேரில் வந்து கேட்டவர்களும் உண்டு. துப்பாக்கி விஷயம் என்பதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கிறேனுங்க ஐயா. தோட்டாவுக்குக் கழுத்துன்னு எழுதியிருந்தீங்க. அது எது? குண்டை அதுக்குள்ள பசை போட்டு ஒட்டியிருப்பாங்களா?
(மாணவர், வேலந்தாவளம்)

தோட்டா என்பது நாலு பொருள் சேர்ந்தது, தம்பி. பித்தளைக் கேஸ், அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. ரைஃபிள் கேஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். உடம்பு, அதற்கு மேல் சரிந்து குறுகும் தோள், தோளுக்கு மேல் நேராக நிற்கிற குழாய். அந்தக் குழாய்தான் கழுத்து. .308 என்கிற ரகத்தில் கழுத்து ஏறக்குறைய 7.7 மி.மீ. நீளம். அந்தச் சிறு நீளம்தான் குண்டைப் பிடித்திருக்கிறது.

பசையெல்லாம் இல்லை. குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் கொஞ்சம் சிறிதாக இருக்கும். குண்டை அழுத்தி உள்ளே இறக்கும்போது பித்தளை விரிந்து கொடுக்கும். திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கப் பார்க்கிற பலம்தான் பிடி. நீங்கள் படிக்கிற பிரஸ் ஃபிட்டேதான். பட்டாளத் தோட்டாவில் ஈரம் போகாமலிருக்கக் கழுத்துக்குள் தார் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், சிலவற்றில் வாயை லேசாக உள்பக்கம் மடக்கியும் இருப்பார்கள். அவை மழைக்கும் முரட்டுக் கைக்கும் செய்த ஏற்பாடு.

சுட்டதும் கேஸ், துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டுகிற அளவுக்கு உப்பும். கழுத்தும் விரியும். சுட்ட கேஸின் வாயில் குண்டை வைத்தால் தொப்பென்று உள்ளே விழுந்துவிடும். பட்டாளத்தில் காலி கேஸைக் 'கோக்கா' என்போம். ஃபைரிங் முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தேட வேண்டும். வெளிநாடுகளில் குறி சுடுகிறவர்கள் அந்தக் கோக்காவையே டை என்ற அச்சுக்குள் அழுத்திக் கழுத்தை மறுபடி சுருக்கி, புது பிரைமர், மருந்து, குண்டு போட்டுப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

பொள்ளாச்சி சொந்த ஊர், இப்ப டெக்சாஸ்ல இருக்கேங்க அண்ணா. மூணு வருஷமா .308-க்கு நானே லோடு பண்றேன். 100 கஜத்துல அஞ்சு போட்டா மூணு ஒரே ஓட்டையா விழுது, மீதி ரெண்டு தள்ளிப் போகுது. மருந்து ஒவ்வொண்ணும் தராசுல நிறுத்துத்தான் போடறேன். குண்டு இறக்கும்போது கைக்கு ஒண்ணு டைட்டாவும் ஒண்ணு லூசாவும் தெரியுது. கழுத்தை இன்னும் இறுக்கினா சரியாயிடுங்களா?
(வாசகர், டெக்சாஸ்)

ஆகாது, தம்பி. ஆனால் கைக்குத் தெரிகிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதில் பாதி பதில் இருக்கிறது. நிறைய பேர் தராசை நம்புவார்கள், கையை நம்ப மாட்டார்கள்.

என் மகளும் உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறாள். இரண்டு தடவை போய் நாலு நாலு மாதம் இருந்திருக்கிறேன். மாப்பிள்ளை உங்களைப் போலவே .308 சுடுகிறவர். கார் நிறுத்துகிற கொட்டகையில், கேஸை டைக்குள் அழுத்துகிற பிரஸ் போட்டிருக்கிறார். நான் மருந்தையும் தொடவில்லை, துப்பாக்கியையும் தொடவில்லை. என் கையில் இருந்தது மைக்ரோமீட்டர் மட்டும். அவருக்கும் இதே தொந்தரவு. அவரும் உங்களைப் போலவே நினைத்து, இன்னும் ஒரு தௌ சின்ன புஷ்ஷிங் (டைக்குள் கழுத்தைச் சுருக்குகிற வளையம்) வாங்கிப் போட்டார். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 0.0254 மி.மீ. தலைமுடி ஏறக்குறைய மூணு தௌ இருக்கும். சின்ன புஷ்ஷிங் போட்டபின் அட்டையில் ஓட்டைகள் இன்னும் விலகி விழுந்தனவே தவிர நெருங்கவில்லை.

காரணம் சொல்கிறேன். பித்தளை ஒரு அளவுவரைதான் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். குண்டைவிடக் கழுத்து இரண்டு மூணு தௌ சிறிதாக இருந்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். அஞ்சு தௌ சிறிதாக்கினால் பிடி இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். ஆகாது. உள்ளே இறங்குகிற குண்டே கழுத்தை நிரந்தரமாக விரித்துவிடும். கூடுதலாகக் கிடைப்பது பிடி இல்லை. கோணலும், குண்டின் செம்புத் தோலில் கீறலும்தான். ஷாஃப்டைவிட ரொம்பச் சிறிதாக புஷ் கடைந்து சுத்தியலால் அடித்து ஏற்றினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் தெரியும்.

ஆகவே முதலில் இருக்கிற கேஸ்களை அளந்து பாருங்கள். உருண்டை முனை உள்ள மைக்ரோமீட்டரால் கழுத்துச் சுவரின் கனத்தை நாலு பக்கமும் எடுங்கள். மாப்பிள்ளையிடம் இருந்த 20 கேஸை அப்படி எடுத்தேன். பதினாலில் சுற்றிலும் 15 தௌ, அரை தௌ முன்பின். மீதி ஆறில் ஒரு பக்கம் 15, எதிர்ப்பக்கம் 12½. அந்த ஆறும் வேறு கம்பெனி கேஸ், ரேஞ்சில் பொறுக்கியவை. சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் குண்டு அந்தப் பக்கம் சாய்ந்துதான் உட்காரும். எந்த டை வாங்கினாலும் சரியாகாது. கழுத்தை வெளியே சீவி ஒரே கனமாக்கலாம். ஆனால் ஆறு கேஸுக்காக அந்த வேலை வேண்டாம் என்று ஒதுக்கச் சொன்னேன். ஒரே கம்பெனி, ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரானவை), ஒரே எண்ணிக்கை சுட்ட கேஸ்கள் என்று பெட்டி பிரித்து வைப்பதுதான் செலவில்லாத மருந்து.

புஷ்ஷிங் கணக்கு சுலபம். குண்டு 308 தௌ, சுவர் இரண்டு பக்கமும் பதினஞ்சு பதினஞ்சு, மொத்தம் 338. லோடு செய்த தோட்டாவின் கழுத்தை வெளியே அளந்தாலும் அதேதான் வர வேண்டும். அதிலிருந்து இரண்டு கழித்து 336 புஷ்ஷிங் போடுங்கள். பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும். அதையும் அளந்து பார்த்துவிட்டு வேண்டுமானால் ஒன்று குறையுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் நாலைந்து கோணலாகவே இருந்தன. அப்போதுதான் ஒரு காரியம் செய்தோம். கேஸை இரண்டு வி-பிளாக் மேல் படுக்க வைத்து, கழுத்தில் டயல் கேஜ் முள்ளைத் தொட வைத்து, விரலால் மெதுவாக உருட்டினேன். சுட்டெடுத்த கேஸில் முள் அரை தௌகூட ஆடவில்லை. டைக்குள் போய் வந்த அதே கேஸில் நாலு தௌ ஆடியது. அப்படியென்றால் சுட்டபோது நேராக இருந்த கழுத்தை நம் டைதான் கோணலாக்குகிறது. டையின் நடுவில் ஒரு கம்பி, அதன் நுனியில் உருண்டை இருக்கும். டை கழுத்தைத் தேவைக்கு மேல் சுருக்கும். வெளியே இழுக்கும்போது அந்த உருண்டை உள்ளிருந்து விரித்துக்கொண்டு வரும். கழுத்துக்குள் மசகு இல்லாவிட்டால் உருண்டை கவ்விக்கொண்டு கழுத்தையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். கைப்பிடியைத் தூக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வந்ததே, அது அதுதான். மாப்பிள்ளை மூணு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், அது பிரஸ்ஸின் சத்தம் என்று நினைத்திருக்கிறார்.

நைலான் பிரஷ்ஷில் கிராஃபைட் தூள் தொட்டு, ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ஒரு தடவை விட்டு எடுக்கச் சொன்னேன். சத்தம் போனது. முள் ஆட்டம் ஒன்றரை தௌவுக்கு இறங்கியது. புஷ்ஷிங் டை இருக்கிறதென்றால் உருண்டையையே கழற்றி வைத்துவிட்டு, தனியாக ஒரு நேர்க்கம்பியை மேலிருந்து கீழே தள்ளி உள்விட்டத்தைச் சரிசெய்யலாம். தள்ளும்போது கழுத்து தோளின் மேல் நிற்கும், இழுத்தால்தான் வளையும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இன்னொன்று கேட்கிறேன். கேஸைப் பளபளவென்று கழுவுகிறீர்களா? ஸ்டீல் ஊசி போட்டுத் தண்ணீரில் உருட்டினால் கழுத்துக்குள் இருக்கிற கரிகூடப் போய்விடும். அந்தக் கரி மெல்லிய மசகு மாதிரி. அது போனால் பித்தளையும் செம்பும் நேருக்கு நேர் உரசும். குண்டு நறநறவென்று இறங்கும். வெளியே துடைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரஷ் போட்டால் போதும். கேஸை நீளம் வெட்டியபின் வாயின் உள்விளிம்பைச் சீவுங்கள். சீவாத விளிம்பு குண்டின் தோலை மயிரிழையாகச் சுரண்டி எடுக்கும். பிரஸ் மேசையில் செம்பு நிற நூல் கிடந்தால் அதுதான் அடையாளம்.

அப்புறம் அனீலிங், அதாவது சூடு காட்டி இளக்குவது. பித்தளையைச் சுருக்கி விரித்து, சுருக்கி விரித்து வந்தால் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட கழுத்து டையிலிருந்து வெளியே வந்ததும் கூடுதலாகத் திரும்ப விரியும், அதனால் பிடி குறையும். கடைசியில் வாயில் நெடுக்காகக் கீறும். மூணு நாலு தடவை சுட்ட கேஸும் ஒரு தடவை சுட்ட கேஸும் கலந்திருந்தால், ஒரே டையில் இரண்டு பிடி வரும். உங்கள் கைக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் சூடு காட்ட வேண்டும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவே கூடாது. .308-இல் அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. லாரி டயரில் இருப்பது நூறு சொச்சம். அந்த 62,000-ஐத் தாங்கிக்கொண்டு உங்கள் முகத்துக்கு முன்னால் நிற்பது கேஸின் கெட்டியான அடிப்பாகம். அதை இளக்கிவிட்டால் சுடுகிறவரின் கண்ணுக்கே ஆபத்து. சந்தேகம் வந்த கேஸைத் தட்டி நெளித்துக் குப்பையில் போடுங்கள், மனசு கேட்காவிட்டாலும் போடுங்கள்.

குண்டு இறக்கும்போது கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாதி இறக்கி, கேஸை அரைச் சுற்று திருப்பி, மீதி இறக்குங்கள். நன்றாக இறங்குகிற குண்டு, சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்குமே, அப்படிக் கனக்கும். நடுவில் திடீரென்று விட்டுக்கொடுத்தால் அதை ஒதுக்குங்கள். மாப்பிள்ளை இப்போது மேசையில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார். கைக்குச் சந்தேகம் தட்டியதெல்லாம் இரண்டாவது பெட்டிக்குப் போகும், முதல் குண்டு சுட்டு பேரலைச் சூடாக்க மட்டும் அவை.

குண்டை எவ்வளவு ஆழம் இறக்கணும்னு எழுதலையே அண்ணா? புஸ்தகத்துல 2.800 அங்குலம்னு போட்டிருக்கு. வெர்னியர் வச்சா ஒவ்வொண்ணும் ஒரு அளவு காட்டுது.
(அதே டெக்சாஸ் வாசகரின் இரண்டாவது கடிதம்)

2.800 என்பது .308 தோட்டா மேகசினில் அடங்கவும் எல்லா ரைஃபிளிலும் போகவும் வைத்த மொத்த நீளம், 71.12 மி.மீ. அது மேல் எல்லை. அதை நுனியிலிருந்து அளக்கிறீர்கள், அங்கேதான் பிசகு. டார்கெட் குண்டின் நுனி சின்ன ஓட்டையோடு பிசிறாக இருக்கும். ஒரே டப்பாவில் ஒன்றுக்கொன்று அஞ்சாறு தௌ மாறும். குண்டை இறக்குகிற கம்பி நுனியைத் தொடுவதில்லை, கொஞ்சம் கீழே வளைவில் தொட்டுத் தள்ளுகிறது. அதனால் வளைவிலிருந்து அடிவரை அளக்கிற கம்பேரேட்டர் துண்டை வெர்னியரில் மாட்டி அளங்கள். இரண்டு தௌவுக்குள் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

ஆழத்தை மாற்றினால் இரண்டு நடக்கும். உள்ளே தள்ளத் தள்ள மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். வெளியே விடவிட, பேரலுக்குள் குண்டைச் சுழல வைக்கிற திருகு வரிகள் தொடங்கும் மேட்டைக் குண்டு நெருங்கும். தொட்டுக்கொண்டே நின்றால் ஓடிவந்து ஏற இடமில்லாமல் அப்போதும் அழுத்தம் ஏறும். ஆகவே குண்டின் ரகத்தை மாற்றினாலும், கேஸ் கம்பெனியை மாற்றினாலும், ஆழத்தை மாற்றினாலும், புத்தகத்தில் போட்டிருக்கிற தொடக்க அளவு மருந்துக்குத் திரும்பி வந்து மறுபடி படிப்படியாக ஏறுங்கள். பழைய அளவையே போடலாம் என்ற எண்ணம் வேண்டாம். கழுத்து சரியாகாமல் ஆழத்தை ஆராய்வதும் வீண். கழுத்தை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

நானும் முன்னாள் ராணுவந்தானுங்க. ரெக்ரூட்டா இருந்தப்ப .303-ல ஒருதடவை சுட்டதும் கேஸ் பாதிதான் வெளியே வந்துச்சு, முன்பாதி உள்ளயே நின்னுபோச்சு. வாத்தியார் என்னைத்தான் திட்டினார். தப்பு யாரோடது?
(வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

உங்கள் தப்பு இல்லைங்க. இத்தனை வருஷம் கழித்தாவது அந்தத் திட்டை இறக்கி வையுங்கள்.

.303 கேஸ் அடியிலிருக்கிற விளிம்பால் நிற்கிறது, தோளால் அல்ல. சண்டையில் சேறும் மணலும் ஒட்டிய தோட்டாகூடப் போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். தோளுக்கு முன்னால் வெற்றிடம் நிறைய. சேம்பரைப் பின்னாலிருந்து மூடுகிற போல்ட்டைப் பூட்டும் கொண்டிகளும் பின்னால் இருக்கின்றன, அழுத்தத்தில் போல்ட் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். சுட்டதும் கேஸின் முன்பாகம் சேம்பர் சுவரைக் கவ்வும், அடிப்பாகம் பின்னால் தள்ளப்படும். நடுவில் இழுபடுவது அடிக்குச் சற்று மேலே இருக்கும் சுவர். ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் கேஸ் முட்டி நிற்கிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) தேய்ந்து கூடியிருந்தால் புதுத் தோட்டாகூட அந்த இடத்தில் அறுந்துவிடும். அதற்காகவே உடைந்த கேஸ் எடுக்கும் சின்னக் கருவி ஒன்று ஆர்மரர் பெட்டியில் இருக்கும். நானும் எடுத்திருக்கிறேன். சேம்பருக்குள் விட்டு போல்டை மூடித் திறந்தால், முன்பாதி வளையல் மாதிரி அதில் மாட்டிக்கொண்டு வரும். அறுந்த விளிம்பைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் காகிதம் போல மெலிந்திருக்கும்.

வெளிநாட்டில் .303 வைத்து மறுலோடு செய்கிறவர்கள் கழுத்தை மட்டும் சுருக்கி, உடம்பைத் தொடாமல் விடுவது இதனால்தான். ஒரு தடவை சுட்ட கேஸ் அந்த ரைஃபிளின் சேம்பருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை மறுபடி முழுசாகச் சுருக்கினால் அடுத்த தடவையும் அதே இடம் இழுபடும். நாலைந்து தடவையில் அறுந்துபோகும். அறுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க ஒரு வழி: நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுரண்டிக்கொண்டே வந்தால், மெலிந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தடக்கென்று இறங்கும். தடக்கென்றால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது.

.308 தோளால் நிற்கிற ரகம். அதில் கழுத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே போனால் சில தடவைக்குப் பிறகு போல்ட் மூடக் கனக்கும். அங்கே முழு டை போட்டு, தோளை ஒன்றிரண்டு தௌ மட்டும் பின்தள்ளுவது நல்லது.

கட்டுத்தறிக்கு மேல பரண்ல பித்தளை புஷ் ரெண்டு டஜன் போட்டு வச்சிருந்தோம். மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா, யாரும் தொடாமலே ஏழெட்டு நெடுக்கா விரிஞ்சிருக்கு. கடைக்காரர் ஏமாத்திட்டாருங்களா?
(வாசகி, கோபாலபுரம்)

ஏமாற்றவில்லை அம்மா. மாட்டு மூத்திரத்தின் வேலை அது. இதற்கும் தோட்டாவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு, அதனால் இந்தக் கடிதத்தை இந்த மாதமே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் சுடாத தோட்டாவின் பித்தளையில் விரிசல். மழைக்காலத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் காரணம் உறுதியானது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, அழுத்திச் செய்த பித்தளைக்குள் அடங்கியிருக்கும் இழுவிசையின் வழியே புகுந்து பிளக்கிறது. கேஸ் செய்கிற பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அந்தக் கலவைக்கு இந்த நோய் சீக்கிரம் வரும். கழுத்து குண்டைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது இல்லையா, அந்தப் பிடியே பித்தளைக்குள் எந்நேரமும் இருக்கிற இழுவிசை. பட்டாளத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சூட்டுக் கறை இருக்கும். புதுசில் அது துரு என்று நினைத்துத் துணியால் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறேன். கழுத்தை இளக்கிய அடையாளம் என்று பிறகு ஒரு ஹவில்தார் சொல்லித்தான் தெரியும்.

உங்கள் புஷ்களில் விரியாதவற்றையும் நம்பி மோட்டாரில் போடாதீர்கள். புதுசு வாங்கினால் கட்டுத்தறிப் பக்கமே வேண்டாம், வீட்டுக்குள் வையுங்கள். எரு மூட்டை, யூரியா மூட்டை பக்கத்திலும் வேண்டாம். டெக்சாஸ் தம்பியும் கேட்டுக்கொள்ளுங்கள்: அம்மோனியா கலந்த பாலிஷ் திரவத்தால் கேஸைத் துடைக்காதீர்கள்.

ஐயா, இதையெல்லாம் நம்ம ஊர்ல வீட்லயே செஞ்சு பாக்கலாமா? கிளப்ல .22 சுடறேன். கீழ கெடக்கற காலி கேஸை என்ன பண்றது?
(இளைஞர், கொழிஞ்சாம்பாறை)

கூடாது. உங்கள் கடிதம் வந்ததும் பட்டறைக்குக் கூப்பிட்டு நேரிலும் சொன்னேன்; மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆயுதச் சட்டம் 1959, 5-ஆவது பிரிவு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதால் தோட்டா செய்ய உரிமம் வந்துவிடாது. வாளையாறு தாண்டினால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று இதில் கிடையாது, நாடு முழுக்க ஒன்றுதான். என்னிடம் லேத் இருக்கிறது, கை இருக்கிறது. பட்டாளத்தை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு கேஸைக்கூட இந்த லேத்தில் மாட்டியதில்லை.

.22 கேஸை எந்த ஊரிலும் வழக்கமாக மறுபடி நிரப்புவதில்லை. அதற்குத் தனிப் பிரைமர் கிடையாது. பற்றவைக்கும் மருந்தை அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். ஊசி அடித்த விளிம்பு நசுங்கிப்போகும். கிளப்பில் பொறுக்கிக் கணக்கோடு ஒப்படைத்துவிடுங்கள்.

.22-இல் நீங்கள் செய்யக்கூடியது லாட் தேர்வு. ஒரே பெயர் போட்ட டப்பாவிலேயே லாட் எண் மாறினால் சுடுவது மாறும். கிளப்பில் வெவ்வேறு லாட்டில் ஒவ்வொரு டப்பா எடுத்து, ரைஃபிளைத் தாங்கலில் வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு, அட்டையில் லாட் எண்ணை எழுதி வையுங்கள். காலையில் சுடுங்கள். நம் பாலக்காட்டுக் கணவாய் மேற்கு மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிற வாசல். ஆனி, ஆடியில் பத்து மணிக்கு மேல் அடிக்கிற காற்றில் 50 மீட்டர் குண்டு எங்கே போகிறது என்று பார்த்து லாட்டைப் பழிக்கக்கூடாது.

என் பொண்ணு எட்டாவது படிக்கறா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகறா. பெல்லட் டப்பாவுல 4.49, 4.50னு போட்டிருக்கு. இதுலயும் நீங்க சொன்ன அளவுக் கணக்கு உண்டுங்களா?
(ஒரு தாய், பொள்ளாச்சி)

உண்டு, அம்மா. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் கொடுத்தது இதுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பால்பாயிண்ட் பேனாவால் வைத்த ஒரு புள்ளி அளவு.

பெல்லட்டின் தலை விட்டம்தான் அந்த 4.49, 4.50. இடை குறுகி, பின்னால் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். தலை பேரலின் வரிகளில் வழுக்கிப் போகும், பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து அடைக்கும். எந்தத் தலை அளவு நல்லது என்று யாரும் கடையில் சொல்ல முடியாது. ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று. இரண்டு அளவிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, ரைஃபிளைக் கிளாம்பில் கட்டி, அளவுக்குப் பத்துப் பத்தாகக் கோச்சை விட்டுச் சுடச் சொல்லுங்கள். எது சின்ன ஓட்டையாக விழுகிறதோ அதே அளவு, முடிந்தால் அதே லாட், வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பாப்பாவுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். டப்பாவிலிருந்து பெல்லட்டை அள்ளிப் போடக் கூடாது. ஈயம் மெத்தென்றது, டப்பாவைக் கீழே போட்டால் பாவாடை நசுங்கும். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பாவாடை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, நேராக வைக்கட்டும். தினமும் நாற்பது அறுபது தடவை அதைச் செய்தால், வைக்கும்போதே எது சரியில்லை என்று விரலுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்ததை எடுத்து ஓரமாக வைக்கட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சோறு. ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது. தலை அளவுச் சோதனை முடிந்ததும் அட்டைகளை எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.